ராஜா ஜோடியை மடிக்கலாமா: நேரடிப் போக்கர் மேசையில் வலுவான கைகளும் அவற்றைக் கைவிடும் கணக்கும்

டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் ஒருவர் கைக்கு வரக்கூடிய இரு சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 1,326. எந்த ஒரு ஜோடியும் அவற்றில் 6 விதமாக அமையும். ஏஸும் ராஜாவும் சேர்ந்த கை 16 விதமாக அமையும். ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஆகிய நான்கு ஜோடிகளையும் ஏஸ்–ராஜாவையும் கூட்டினாலும் 40 சேர்க்கைகளே தேறுகின்றன. நூறு கைக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு அரிதாக வரும் கையை, ஃப்ளாப் என்னும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள் மேசையில் விழும் முன்பே கீழே போடுவது எப்போது சரியாகும் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. ஏஸ் ஜோடியைப் பணத்துக்கான ஆட்டத்தில் ஃப்ளாப்புக்கு முன் மடிப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. ஆகவே மற்ற நான்கு கைகளையும், அவற்றுக்கு முன்னால் உள்ள ஃபோல்ட் (மடித்து விலகுவது), கால் (எதிராளி வைத்த தொகைக்கு ஈடாக வைப்பது), ரெய்ஸ் (தொகையை உயர்த்துவது) என்னும் மூன்று வழிகளையும் ஒப்பிட்டால் போதும்.

ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பதின்மூன்று சீட்டு ரம்மியில் தொடக்கத்திலேயே டிராப் செய்தால் 20 புள்ளி, நடுவில் டிராப் செய்தால் 40 புள்ளி என்று வெளியேறுவதற்கே ஒரு தண்டம் வைத்திருக்கிறார்கள். போக்கரில் அப்படித் தனியாகத் தண்டம் எதுவும் இல்லை. அதுவரை பாட் என்னும் பொதுப் பணக் குவியலில் வைத்த பணம் போகும், அவ்வளவுதான். அந்தப் பணம் நம் கையை விட்டுப் போய்விட்டது என்று ஏற்றுக்கொண்டால், அடுத்து வைக்க வேண்டிய தொகைக்கு நம் கை ஈடுகொடுக்குமா என்ற ஒரு கேள்வி மட்டுமே மிஞ்சும்.

ஒப்பீட்டுக்கு வசதியாக ஒரே சூழலை எடுத்துக்கொள்வோம். லாஸ் வேகஸ் போக்கர் அறைகளில் வழக்கமாக நடக்கும் 2/5 டாலர் நோ-லிமிட் (பந்தயத்துக்கு உச்சவரம்பில்லாத) ஆட்டம்; 2, 5 டாலர் என்பவை சீட்டு வருமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் சிறிய, பெரிய பிளைண்டுகள். மேசையில் ஒன்பது பேர். நமக்கும் எதிராளிக்கும் தலா 500 டாலர், அதாவது பெரிய பிளைண்டைப் போல நூறு மடங்கு. நாம் 20 டாலருக்கு ரெய்ஸ் செய்கிறோம். நமக்குப் பின்னால் இருப்பவர் 75 ஆக்குகிறார்; இதை ஆட்டக்காரர்கள் த்ரீ-பெட் என்பார்கள். நாம் 190 வைக்கிறோம், இது ஃபோர்-பெட். அவர் யோசித்துவிட்டு 500 டாலரையும் உள்ளே தள்ளி ஆல்-இன் என்கிறார். பிளைண்ட் வைத்த இருவரும் ஏற்கெனவே சீட்டைப் போட்டுவிட்டார்கள். இப்போது பாட்டில் இருப்பது 697 டாலர். நாம் சேர்க்க வேண்டியது 310. கால் செய்தால் பாட் 1,007 டாலராகும் என்பதால், நமக்கு 31 சதவீத வெற்றி வாய்ப்பு இருந்தாலே அந்தக் கால் நட்டமாகாது. அறை எடுத்துக்கொள்ளும் ரேக் சில டாலர்கள்தான். இவ்வளவு பெரிய பாட்டில் அது கணக்கைப் புரட்டிப்போடாது.

எதிராளி ஏஸ், ராஜா, ராணி ஜோடிகளையும் ஏஸ்–ராஜாவையும் ஒரே மாதிரி ஆல்-இன் போடுபவர் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். அவருக்கு எதிராக நம் ராஜா ஜோடிக்கு ஏறக்குறைய 57 சதவீதமும், ராணி ஜோடிக்கு 40 சதவீதமும், வெவ்வேறு இனத்து ஏஸ்–ராஜாவுக்கு 39 சதவீதமும், ஜாக்கி ஜோடிக்கு 36 சதவீதமும் வெற்றி வாய்ப்பு இருக்கிறது. நான்குமே 31 சதவீதத்துக்கு மேல் நிற்கின்றன. 190 டாலரை உள்ளே வைத்த பிறகு, இப்படி ஆடும் ஒருவருக்கு முன்னால் ஜாக்கி ஜோடியைக்கூட மடிக்க முடியாது. இதனால் ஜாக்கி ஜோடியோடு 190 வைத்தது நல்ல ஆட்டம் என்றாகிவிடாது. மடிக்க வேண்டிய கையை மடிக்கும் வாய்ப்பு 75 டாலர் வந்தபோதே இருந்தது. அதைத் தவறவிட்டவருக்கு ஆல்-இன் வரும்போது நல்ல வழி எதுவும் மீதமிருக்காது. வலுவான கையை மடிக்கலாமா என்று விவாதிப்பவர்கள் கடைசி ரெய்ஸையே உற்றுப் பார்க்கிறார்கள். பெரும்பாலான கைகளில் முடிவு அதற்கு ஒரு படி முன்னாலேயே எடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி ராஜா ஜோடியைத் தனியே பார்ப்போம். நம்மிடம் இரண்டு ராஜா இருக்கும்போது, மீதி எட்டுப் பேரில் யாரிடமாவது ஏஸ் ஜோடி இருக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு, ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒன்று. ஏஸ் ஜோடியோடு நேருக்கு நேர் மோதினால் ராஜா ஜோடி வெல்வது 18 சதவீதமே. எதிராளி இந்த இடத்தில் ஏஸ் ஜோடியையும் ராஜா ஜோடியையும் தவிர வேறு எதையும் ஆல்-இன் போடமாட்டார் என்று நாம் உறுதியாக அறிந்திருந்தால், நம் வாய்ப்பு 23 சதவீதத்துக்கு அருகில் நின்றுவிடும்; 31 தேவைப்படும் இடத்தில் அது போதாது, ஆகவே மடிப்பதே சரி. ஆனால் அந்த உறுதி எவ்வளவு இருக்க வேண்டும்? அப்படிப்பட்ட கஞ்ச ஆட்டக்காரருக்கு எதிராகத் தவறாகக் கால் செய்தால் சராசரியாக 82 டாலர் இழப்பு. முன்னே சொன்ன அகலமான ஆட்டக்காரரைக் கஞ்சர் என்று தவறாக எண்ணி மடித்தால் சராசரியாக 264 டாலரைக் கைவிட்டவர்கள் ஆவோம். இரண்டையும் எடைபோட்டால், எதிராளி கஞ்சர் என்பதில் நமக்கு 76 சதவீதத்துக்கு மேல் உறுதி இருந்தால் மட்டுமே ஃபோல்ட் லாபமாகிறது.

நேரடி மேசையில் அந்த உறுதியை அடைவது எளிதல்ல. ஒரு மணி நேரத்தில் முப்பது கை வரைதான் ஆட முடியும். அறிமுகமில்லாத ஒருவரோடு ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் அவர் இதுபோன்ற ஆல்-இன் போட்டதை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டோம். மேலும், கஞ்சத்தனத்தில் ஒரு சிறு ஓட்டை இருந்தாலே கணக்கு மாறிவிடுகிறது. ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி ஆகியவற்றோடு ஒரே இனத்து ஏஸ்–ராஜாவையும் அவர் சேர்த்துக்கொண்டால், நமக்கு எதிரான சேர்க்கைகள் ஏழிலிருந்து ஒன்பது ஆகும். நம் வாய்ப்பு 32 சதவீதத்தைத் தொடும். கால் செய்வது மயிரிழையில் சரியாகிவிடும். இரண்டே இரண்டு சேர்க்கைகள் விடையை மாற்றுகின்றன என்னும்போது, ‘அவர் ஏஸ் இல்லாமல் தள்ளமாட்டார்’ என்று மேசையில் சாதாரணமாக அடித்துச் சொல்லப்படும் தீர்ப்பை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நூறு பெரிய பிளைண்ட் கையிருப்பில் ராஜா ஜோடியை மடிப்பது, எதிராளியைப் பல மாதங்களாக அறிந்தவர்களுக்கு மட்டுமே உரிய வழி.

கையிருப்பு ஆழமானால் இதே கேள்விக்கு வேறு விடை கிடைக்கிறது. லாஸ் வேகஸ் மேசைகளில் இரவு முழுக்க வென்றவர்கள் 2,500 டாலரோடு உட்கார்ந்திருப்பது அபூர்வமல்ல. அதே 20, 75, 190 என்ற வரிசைக்குப் பின் எதிராளி 2,500 டாலரையும் தள்ளினால், நாம் சேர்க்க வேண்டியது 2,310. அதற்குத் தேவையான வாய்ப்பு 46 சதவீதம். ஒரே இனத்து ஏஸ்–ராஜாவை மட்டும் சேர்த்துக்கொள்ளும் அதே மனிதருக்கு எதிராக நம்மிடம் இருப்பது 32. ஆளும் மாறவில்லை, சீட்டும் மாறவில்லை. நூறு பிளைண்டில் கால், ஐந்நூறு பிளைண்டில் தெளிவான ஃபோல்ட். எல்லா ஏஸ்–ராஜாவையும் அவர் தள்ளுவார் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 47 சதவீதமே வருகிறது. அது வாசற்படியில் நிற்கும் எண். இவ்வளவு ஆழத்தில் 190 டாலருக்கு ஃபோர்-பெட் செய்வதற்குப் பதிலாக 75 டாலரைக் கால் செய்து ஃப்ளாப் பார்ப்பதும் ஒரு நல்ல வழி. ஃப்ளாப்பில் ஏஸ் விழும் வாய்ப்பு ராஜா ஜோடிக்கு 22.5 சதவீதம்தான் என்பதால், பெரும்பாலான தடவை நாம் முன்னிலையிலேயே இருப்போம். பாட்டும் நம் கட்டுக்குள் இருக்கும். மேசையில் யாராவது 10 டாலர் ஸ்டிராடில் (சீட்டு வருமுன் தாமாக வைக்கும் கூடுதல் பிளைண்ட்) வைத்திருந்தால் எல்லோருடைய ஆழமும் பாதியாகிவிடும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ராஜா ஜோடியைப் பற்றி இவ்வளவு பேசினாலும், அது 221 கைக்கு ஒரு தடவை, அதாவது நேரடி ஆட்டத்தில் ஏழெட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வருவது. அது ஏஸ் ஜோடியோடு மோதுவது சுமார் 5,500 கைக்கு ஒரு தடவை. மணிக்கு முப்பது கை என்றால் 180 மணி நேரத்துக்கும் மேல் ஆடினால்தான் ஒன்று நேரும். ராணி ஜோடி, ஜாக்கி ஜோடி, ஏஸ்–ராஜா மூன்றும் சேர்ந்தோ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்துவிடுகின்றன. மடிப்பதா வேண்டாமா என்ற கேள்வியில் ஒருவர் ஆண்டு முழுவதும் சேர்ப்பதும் இழப்பதும் பெரும்பாலும் இந்த மூன்று கைகளில்தான்.

ராணி ஜோடியை எடுத்துக்கொள்வோம். 20 டாலர் ரெய்ஸுக்கு எதிராக 75 டாலர் த்ரீ-பெட் வந்துவிட்டது. ஃபோர்-பெட் செய்தால் நம்மைவிடத் தாழ்ந்த ஜாக்கி, பத்து ஜோடிகள் ஓடிவிடும். நம்மை முந்திய இரண்டு ஜோடிகளும் ஏஸ்–ராஜாவும் நிற்கும். நமக்குக் கீழே இருப்பவரைத் துரத்திவிட்டு மேலே இருப்பவரோடு மட்டும் பாட்டைப் பெருக்குவதால், நிதானமான எதிராளிக்கு எதிராக மூன்று வழிகளிலும் இதுவே மோசமானது. கால் செய்வதற்குத் தேவைப்படுவது 55 டாலர். அதற்கு வேண்டிய வாய்ப்பு 35 சதவீதம். ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ்–ராஜா மூன்றையும் வைத்திருக்கக்கூடியவருக்கு எதிராக நம்மிடம் 40 இருக்கிறது. இரண்டு பெரிய ஜோடிகளை மட்டுமே வைத்து த்ரீ-பெட் செய்பவர் என்றால் வாய்ப்பு 18-க்கு இறங்கிவிடும். அப்போது ஃப்ளாப்பில் மூன்றாவது ராணி விழுந்தால்தான் பிழைப்பு. அது எட்டரைக்கு ஒரு தடவை நடப்பது. 500 டாலர் கையிருப்பில், விழுந்த தடவையெல்லாம் எதிராளியின் மொத்தப் பணமும் வந்தாலும் லாபம் சொற்பமே. எப்போதும் வருவதில்லை என்பதால் மடிப்பதே மேல். 1,000 டாலர் இருந்தால் கால் செய்யலாம். இங்கே ஆழம் ராஜா ஜோடிக்குச் செய்ததற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது: அங்கு அது ஃபோல்டை நோக்கித் தள்ளியது, இங்கு கால் செய்யத் தூண்டுகிறது. அங்கு எல்லாப் பணத்தையும் ஃப்ளாப்புக்கு முன்பே வைக்கக் கேட்டார்கள். இங்கு சிறு தொகையை வைத்துப் பெரிய தொகைக்குக் குறிபார்க்கிறோம்.

ஜாக்கி ஜோடிக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும். கூடுதலாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஃப்ளாப்பில் அதைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழும் வாய்ப்பு 57 சதவீதம், ராணி ஜோடிக்கு அது 41. பாதிக்கு மேற்பட்ட தடவை ஃப்ளாப்பைப் பார்த்துத் திகைத்து நிற்க வேண்டிய கை என்பதால், எதிராளிக்குப் பின்னால் பேசும் இடம் நமக்கு இல்லாதபோது ஜாக்கி ஜோடியை 75 டாலருக்கு மடிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏஸ்–ராஜாவின் இயல்பு இவற்றிலிருந்து வேறுபட்டது. அது இன்னும் ஜோடியாகாத கை. ஆனால் நம்மிடம் ஓர் ஏஸும் ஒரு ராஜாவும் இருப்பதாலேயே எதிராளியிடம் அந்த ஜோடிகள் இருக்கும் வழிகள் பாதியாகக் குறைகின்றன. ராணி ஜோடியோடு இருப்பவருக்கு எதிராக ஏஸ், ராஜா ஜோடிகள் 12 சேர்க்கைகளில் வரும். ஏஸ்–ராஜாவோடு இருப்பவருக்கு எதிராக 6 சேர்க்கைகளில்தான் வரும். எதிராளியை மடிக்க வைக்கும் ரெய்ஸுக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் அதே கையோடு இன்னொருவருடைய ஆல்-இன்னுக்குக் கால் செய்வது வேறு காரியம். மடிக்க வைக்கும் ஆயுதம் அங்கு பயன்படாது, சீட்டின் பலம் மட்டுமே பேசும். ஏஸ் ஜோடிக்கு எதிராக வெவ்வேறு இனத்து ஏஸ்–ராஜா வெல்வது 7 சதவீதம்; ராஜா ஜோடிக்கு எதிராக 30; ராணி ஜோடிக்கு எதிராக 43. எதிராளி இப்படி ஆடக்கூடிய கைகளின் தொகுப்பில் ராணி ஜோடி இருக்கிறதா இல்லையா என்பதே இங்கு விடையைத் தீர்மானிக்கிறது. இருந்தால் 39 சதவீதம், கால்; இல்லாமல் இரண்டு பெரிய ஜோடிகள் மட்டும் என்றால் 18, ஃபோல்ட். ஆகவே ஏஸ்–ராஜாவோடு கடைசி ரெய்ஸை வைப்பவர் நாமாக இருக்க வேண்டும். எதிராளியே அதை வைத்துவிட்டால், இந்த நான்கு கைகளில் முதலில் மடிக்க வேண்டியவற்றில் ஒன்றாக அது மாறிவிடுகிறது. அழகான கை என்பதற்காக அதைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர்கள் ஒவ்வொரு மேசையிலும் இருக்கிறார்கள்.

எதிராளியின் தொகுப்பை நேரடி மேசையில் எதைக்கொண்டு கணிப்பது? இணைய ஆட்டத்துக்காக வகுக்கப்பட்ட அட்டவணைகளை அப்படியே கொண்டுவருவது ஆபத்தானது. சிறு தொகை நேரடி ஆட்டங்களில் ஃபோர்-பெட்டும் ஃபைவ்-பெட்டும் அட்டவணை சொல்வதைவிட மிகக் குறுகிய தொகுப்பிலிருந்து வருகின்றன. தொகையின் அளவு முகத்தைவிடத் தெளிவாகப் பேசும். நம் 190 டாலருக்கு மேல் 400 என்று, கால் செய்ய நம்மை அழைப்பதைப் போல வைப்பவரிடம் ஏஸ் ஜோடி இருப்பதாகவே நான் எடுத்துக்கொள்வேன். 500 டாலரையும் ஒரே தள்ளாகத் தள்ளுபவர் ஃப்ளாப்பைப் பார்க்க விரும்பாத ஏஸ்–ராஜாவோ ராணி ஜோடியோ வைத்திருப்பது அதைவிட அதிகம் நடக்கும். சிப்ஸை அடுக்கும்போது கை நடுங்குவதைப் பயம் என்று எண்ணிக் கால் செய்துவிடக் கூடாது. பெரிய கை கிடைத்த பரபரப்பிலும் அது நேரும். ஆனாலும் உடல்மொழி 32 சதவீதத்தை 35 ஆக்கலாமே தவிர, 18-ஐ 31 ஆக்காது.

போட்டி ஆட்டத்தில் இன்னொரு அடுக்கு சேர்கிறது. 2018-ஆம் ஆண்டு வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவென்டில் 7,874 பேர் கலந்துகொண்டார்கள். ஒன்பது பேர் கொண்ட இறுதி மேசைக்கு இன்னும் ஒருவர் வெளியேற வேண்டும் என்ற நிலையில் பத்துப் பேர் ஆடிக்கொண்டிருந்தபோது, நிக்கோலஸ் மேனியன் ரெய்ஸ் செய்தார். அன்ட்வான் லபா கால் மட்டும் செய்தார். யூச்சி சூ ஆல்-இன் போட்டார். மேனியனும் ஆல்-இன் போட்டார். லபா யோசித்துக் கால் செய்தார். சூவிடம் ராஜா ஜோடி, லபாவிடமும் ராஜா ஜோடி, மேனியனிடம் ஏஸ் ஜோடி. நான்கு ராஜாவும் கையில் போய்விட்டதால், ஸ்ட்ரெய்ட்டோ (ஐந்து தொடர் சீட்டுகள்) ஃப்ளஷோ (ஐந்தும் ஒரே இனம்) அமைந்தாலொழிய அவர்கள் இருவருக்கும் விமோசனம் இல்லை. சூ பத்தாவதாக வெளியேறினார். மேனியன் அதிக சிப்ஸோடு இறுதி மேசைக்குச் சென்றார். லபா சிறு கையிருப்போடு உள்ளே நுழைந்து ஒன்பதாவது இடத்தோடு, 10 லட்சம் டாலரோடு திரும்பினார்.

லபா மடித்திருக்க வேண்டுமா? பணத்துக்கான ஆட்டமாக இருந்தால் கேள்வியே எழாது. இங்கே இரண்டு விஷயங்கள் மடிக்கும் பக்கம் சாய்கின்றன. முதலாவது, மேனியனின் நிலை: ஒருவர் கால் செய்து காத்திருக்க, இன்னொருவர் ஆல்-இன் போட்டிருக்க, இருவரையும் மீறித் தள்ளுபவரின் தொகுப்பு மிகக் குறுகியது. இரண்டாவது, பரிசுத் தொகையின் படிகள்: முதல் பரிசு 88 லட்சம் டாலர் இருக்கும் ஆட்டத்தில், இரட்டிப்பாகும் சிப்ஸ் பரிசு மதிப்பை இரட்டிப்பாக்குவதில்லை, ஆனால் இழக்கும் சிப்ஸ் இறுதி மேசையின் வாய்ப்பையே தின்றுவிடுகிறது. சிப்ஸைப் பரிசு மதிப்பாக மாற்றிக் கணக்கிடும் ஐசிஎம் முறை சொல்வதும் இதையே. ஆகவே 31 போதும் என்ற இடத்தில் அதைவிடக் கணிசமாகக் கூடுதலான வாய்ப்பு தேவைப்பட்டிருக்கும். என் தீர்ப்பில் லபாவின் கால் குறைசொல்ல முடியாதது. ஆனால் ராஜா ஜோடியை மடிப்பதற்கு நியாயம் தேடும் ஒருவருக்கு, எந்தப் பண ஆட்டத்தையும்விட அந்தக் கை நல்ல ஆதாரம்.

பணத்துக்குப் பதிலாகப் பெரிய போட்டியில் ஆடும் இடங்களைப் பரிசாகத் தரும் சாட்டிலைட் ஆட்டங்களில் இது உச்சத்துக்குப் போகிறது. 10,000 டாலர் நுழைவுக் கட்டணமுள்ள மெயின் ஈவென்டுக்குப் பத்து இடங்கள் பரிசு, மீதம் பதினொரு பேர், நம்மிடம் சராசரிக்கு மேல் சிப்ஸ், மேசையின் ஓரத்தில் ஒருவரிடம் இரண்டே பிளைண்ட் என்றால், பெரிய கையிருப்புள்ள ஒருவர் தள்ளும் ஆல்-இன்னுக்கு ஏஸ் ஜோடியைக்கூட மடிப்பதே சரி. முதலிடத்துக்கும் பத்தாவது இடத்துக்கும் ஒரே பரிசு. கூடுதல் சிப்ஸ் எதையும் வாங்கித் தராது. எதிராளியிடம் எந்தக் கையும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால்கூட ஏஸ் ஜோடி சராசரியாக 85 சதவீதம்தான் வெல்லும். சும்மா இருந்தாலே 95 சதவீதத்துக்கு மேல் இடம் உறுதி என்னும்போது 85-ஐ ஏன் வாங்க வேண்டும்?

மடித்த பிறகு ஒன்று மீதமிருக்கிறது. ராஜா ஜோடியை அனைவரும் பார்க்கும்படி திருப்பிப் போட்டு, தன் நிதானத்துக்குச் சான்று காட்டும் பழக்கம் நேரடி மேசைகளில் பரவலாக உண்டு. பண ஆட்டத்தில் அதன் விலை அடுத்த சில மணி நேரத்தில் தெரியும்: பெரிய கையையும் மடிக்கக்கூடியவர் இவர் என்று அறிந்த மேசை, அதன் பிறகு எளிய கைகளோடும் நம்மீது ஆல்-இன் தள்ளத் தொடங்கும், அப்போது இதுவரை போட்ட 76 சதவீதக் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியிருக்கும். போட்டியில் இன்னொருவர் முடிவு எடுக்க வேண்டியிருக்கும்போது சீட்டைக் காட்டினால் நடுவர் தண்டனையும் தரலாம். முகம் கவிழ்த்தே டீலரிடம் தள்ளிவிட வேண்டும்.